கையெழுத்துகள் பெருகினால் சாலை மெலியும்

பொதுப்பணிகளில் ஊழலும் தாமதமும் என்பது இன்றைய பொருள்.

ஊரில் ஒரு தெருவுக்குத் தார் போட வேண்டும். எத்தனை கையெழுத்து வேண்டும்? முதலில் மதிப்பீடு போடப்படுகிறது. அதற்குத் தொழில்நுட்ப ஒப்புதல் தனி, நிர்வாக ஒப்புதல் தனி. நிதி ஒதுக்கீட்டுக்கு ஒரு கோப்பு நகர்கிறது. பிறகு டெண்டர், டெண்டர் பரிசீலனை, ஒப்பந்தம், வேலை உத்தரவு. வேலை முடிந்ததும் உதவிப் பொறியாளர் அளந்து எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தில் எழுதுகிறார். அவர் அளந்ததை மேலதிகாரி சரிபார்க்கிறார். அங்கிருந்து பில் கணக்கருக்குப் போகிறது, கணக்கரிடமிருந்து செயற்பொறியாளருக்குப் போகிறது, கடைசியில் கருவூலம். இத்தனை பேர் பார்த்த சாலை இரும்பு போல இருக்க வேண்டும் அல்லவா? ஐப்பசியில் பெய்த முதல் அடைமழைக்கே அது ஜல்லி ஜல்லியாகப் பெயர்கிறது. இத்தனை கண்கள் பார்த்தும் ஏன் இப்படி?

இந்தக் கேள்வி புதிதல்ல. 1962-ல் மத்திய அரசு ஊழல் தடுப்புக்கென ஒரு குழுவை அமைத்தது. தலைவர் தமிழகத்தைச் சேர்ந்த கே. சந்தானம். 1964-ல் அந்தக் குழு கொடுத்த அறிக்கையை இன்று எடுத்துப் படித்தாலும் நேற்று எழுதியது போலவே இருக்கிறது. அரசுக் கட்டுமானங்களிலும் கொள்முதல்களிலும் ஒரு குறிப்பிட்ட சதவீதம் வழக்கமாகக் கைமாறுகிறது என்று சாட்சிகள் பலர் குழுவிடம் சொன்னார்கள். பொதுப்பணித் துறைக் கட்டுமானங்களில் அது 7 முதல் 11 சதவீதம் என்றும், அலுவலர்களுக்குள் ஒப்புக்கொண்ட விகிதப்படி பிரிகிறது என்றும் சொன்னார்கள். இதைத் திருட்டு என்று சொல்வதைவிட ஒரு விலைப்பட்டியல் என்று சொல்வதே பொருந்தும். திருடனுக்கு ஒழுங்கு கிடையாது. இங்கே யாருக்கு எவ்வளவு என்ற ஒழுங்கு இருந்தது.

அதே அறிக்கை இன்னொன்றையும் பெயர் சொல்லிக் குறித்தது: வேகப் பணம். தவறான காரியத்துக்காகக் கொடுப்பதல்ல இது. நியாயமாக நடக்க வேண்டிய காரியம் இன்றே நடக்க வேண்டும் என்பதற்காகக் கொடுப்பது. உரிமம், அனுமதி சார்ந்த இடங்களில் இது பரவலாக இருப்பதாகக் குழு கண்டது. பொருளின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஊழல் ஒரு நோய், சிவப்பு நாடா வேறொரு நோய் என்று தனித்தனியாகப் பேசுவது வழக்கம். ஒன்றுக்குக் கண்காணிப்புத் துறையிடமும் மற்றொன்றுக்கு நிர்வாகச் சீர்திருத்தக் குழுவிடமும் மருந்து கேட்கிறோம். ஆனால் கோப்பு நிற்கக்கூடிய ஒவ்வொரு மேசையும் நிற்பதற்கு விலை கேட்கக்கூடிய மேசைதான். ஒரு முறைகேடு வெளிவந்தால் அரசு என்ன செய்கிறது? இனி இன்னொருவரும் பார்க்க வேண்டும் என்று விதி போடுகிறது. முறைகேட்டைத் தடுக்கப் பூட்டிய பூட்டுக்கு, சாவி வைத்திருப்பவர் ஒருவர் கூடுதலாக முளைக்கிறார். பத்துப் பேர் கையெழுத்திட்ட கோப்பில் தவறு நடந்தால் பத்துப் பேரும் மற்ற ஒன்பது பேரைக் காட்டலாம். யாரும் பொறுப்பில்லை, எல்லோருக்கும் பங்குண்டு.

அந்தச் சதவீதம் எங்கிருந்து வருகிறது? ஒப்பந்ததாரர் வீட்டிலிருந்து வருவதில்லை. மூன்று வழிகளில் அதை ஈடு கட்டலாம். மதிப்பீட்டையே ஊதிப் போடலாம். டெண்டரில் கூட்டுச் சேர்ந்து விலையை ஏற்றலாம். இரண்டும் முடியாவிட்டால் சாலையிலிருந்து எடுக்கலாம். சாலையிலிருந்து எடுப்பது மிக எளிது, ஏனெனில் சாலையின் உயிர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. அடித்தளத்தில் போட வேண்டிய ஜல்லியின் கனம், தாரின் சதவீதம், உருளை எத்தனை முறை ஓடியது என்ற கணக்கு, கலவை கொட்டியபோது இருந்த சூடு, இவற்றில் எதுவும் வேலை முடிந்தபின் மேலே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. கறுப்பாக வழவழவென்று இருக்கும். திறப்பு விழாவுக்கு அது போதும். ஓர் அங்குலத்தில் கால் பங்கு குறைந்தால் எம்-புக்கில் தெரியாது, மழையில் தெரியும்.

இதில் தமிழ்நாட்டுத் தெருக்களுக்கென்றே ஒரு தனிக் கதை உண்டு. பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய தார் போடுவது பல காலமாக நடந்தது. ஐந்தாறு முறை போட்டபின் தெரு உயர்ந்தது, வீடு தாழ்ந்தது. இரண்டு படி ஏறிப் போன வீட்டுக்கு இரண்டு படி இறங்கிப் போக வேண்டியதாயிற்று. மழைநீர் சாக்கடைக்குப் போகாமல் கூடத்துக்கு வந்தது. பழைய பரப்பைச் சுரண்டியதாகக் கணக்கு எழுதிவிட்டுச் சுரண்டாமலே விட்டால், அந்த லாபத்தை எந்த மேசையும் பார்க்க முடியாது. மேற்பரப்பைச் சுரண்டிய பிறகே புதிய சாலை போட வேண்டும், தெரு மட்டம் உயரக் கூடாது என்று 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவிட வேண்டி வந்தது. பொறியியலின் அரிச்சுவடியை ஒரு மாநிலத்தின் தலைமைச் செயலாளர் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது என்றால், இடையில் இருந்த கையெழுத்துகள் எதைப் பார்த்தன?

அந்தக் கையெழுத்துகளைப் போடும் நாற்காலிகளும் விலைக்குப் போனால்? 1982-ல் ராபர்ட் வேட் என்ற ஆய்வாளர் தென்னிந்தியக் கால்வாய்ப் பாசனத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். விவசாயிகளிடமும் ஒப்பந்ததாரர்களிடமும் பணம் வாங்கும் பொறியாளர் அதை வைத்துக்கொண்டு சுகமாக இருக்கிறார் என்று நினைத்தால் அது பாதி உண்மைதான் என்று அது காட்டியது. வளமான இடத்துக்கு மாறுதல் பெற அவர் மேலே பணம் கட்டியிருக்கிறார். கட்டியதை மீட்க வேண்டும், அடுத்த மாறுதலுக்கும் சேர்க்க வேண்டும். வாங்காதவருக்கு அந்த நாற்காலியில் நீடிக்க வழியில்லை. பணியிட மாற்றம் என்பது ஒரு சந்தையாக இருக்கும்வரை நேர்மையான பொறியாளர் என்பவர் தற்செயல். முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் தொடுத்த வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வேலி போடப் பார்த்தது. குடிமைப் பணி வாரியங்கள் அமைக்கப்பட வேண்டும், பதவிக்குக் குறைந்தபட்சக் காலம் வேண்டும், வாய்மொழி உத்தரவுகளின்மேல் அதிகாரிகள் செயல்படக் கூடாது என்றது. தீர்ப்பு நல்ல தீர்ப்பு. அது பெரும்பாலும் உயர்பணி அதிகாரிகளைப் பற்றியது. உதவிப் பொறியாளரின் மாறுதல் அந்த வேலிக்கு வெளியேதான் இருக்கிறது.

இனி டெண்டருக்கு வருவோம். ஒரு காலத்தில் டெண்டர் பெட்டி என்பது நிஜமான பெட்டி. அது இருக்கும் அறைக்குள் போகவிடாமல் படிக்கட்டிலேயே ஆட்களை நிறுத்திவைத்த கதைகள் எந்த ஒப்பந்ததாரரிடம் கேட்டாலும் கிடைக்கும். அறிவிப்பு யாரும் படிக்காத பத்திரிகையில் வரும், அல்லது அறிவிப்பு வந்த மறுநாளே கடைசி நாளாக இருக்கும். இதற்கெல்லாம் முற்றுப்புள்ளி வைக்கத் தமிழ்நாடு 1998-லேயே டெண்டர்களில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தை இயற்றியது. இந்திய மாநிலங்களில் இது முன்னோடி. அடுத்த ஆண்டு கர்நாடகமும் அப்படி ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தது. பின்னர் மின்னணு டெண்டர் வந்தது. பெட்டி போயிற்று, படிக்கட்டில் நின்ற ஆட்களும் போனார்கள்.

ஆட்கள் போனார்கள், கூட்டு போயிற்றா? சத்தீஸ்கர் மாநிலத்தின் மின்னணு டெண்டர் முறையைப் பற்றிய இந்தியத் தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை 2019-ல் வெளிவந்தது. 1,921 டெண்டர்களில், துறை அலுவலர் பயன்படுத்திய அதே கணினி டெண்டர் போட்டவராலும் பயன்படுத்தப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட கணினிகள் 74. அந்த டெண்டர்களின் மதிப்பு ரூ.4,601 கோடி. கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே விசைப்பலகையில் தட்டியிருந்தால், கடவுச்சொல்லும் டிஜிட்டல் கையொப்பமும் எதைக் காத்தன? ஆனாலும் இதில் ஒரு நன்மையைக் கவனிக்க வேண்டும். மரப்பெட்டிக் காலத்தில் இது யாருக்கும் தெரிந்திருக்காது. கணினி தடம் விட்டது. தணிக்கையாளர் அந்தத் தடத்தைத் தேடினார். தேடாவிட்டால் அதுவும் மரப்பெட்டிதான்.

தாமதத்தின் விலையைப் பார்க்க வேறெங்கும் போக வேண்டாம். சென்னைத் துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்குப் பறக்கும் சாலை போட 2009 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. மதிப்பு ரூ.1,655 கோடி. கூவத்தில் தூண்கள் எழுந்தன. ஆட்சி மாறியது. தூண்கள் ஆற்றின் போக்கைத் தடுக்கின்றன என்று 2012-ல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. வழக்குகள் நடந்தன. தூண்கள் தலையில் கம்பி நீட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கூவத்தைக் காவல் காத்தன. 2022 மே மாதம் மீண்டும் ஓர் அடிக்கல். இம்முறை ஈரடுக்குச் சாலை, மதிப்பு ரூ.5,800 கோடிக்கு மேல். வடிவம் மாறியதும் விலை ஏறியதற்கு ஒரு காரணம், அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஆற்றைப் பற்றிய கேள்வியைத் தூண் நடுவதற்கு முன்பு கேட்டிருந்தால் அதற்கு ஒரு கோப்பு போதும். நட்டபின் கேட்டதால் பத்தாண்டு ஆயிற்று.

வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயில் பாதை ஐந்து கிலோமீட்டர். 2008-ல் வேலை தொடங்கியது. ஆதம்பாக்கத்தில் சுமார் 500 மீட்டர் நிலத்துக்காக அது பத்தாண்டுக்கு மேல் நின்றது. நிலம் கொடுக்க மறுத்தவர்கள் மேல் குற்றமில்லை. நியாயமான விலை கேட்பது அவர்கள் உரிமை. நிலம் கைக்கு வராமலே வேலை உத்தரவு கொடுப்பதுதான் குற்றம். அப்படிக் கொடுப்பதற்கு ஒரே காரணம், அடிக்கல்லுக்கு ஒரு தேதி குறித்தாகிவிட்டது என்பதே.

எல்லா இடத்திலும் இப்படித்தானா? இல்லை. கல்கத்தா மெட்ரோவுக்கு 1972-ல் அடிக்கல் நாட்டினார்கள். சுமார் 17 கிலோமீட்டர் முழுமையடைந்தது 1995-ல். நாட்டின் முதல் சுரங்க மெட்ரோ, பணமும் அனுபவமும் குறைந்த காலம், எனவே அதைக் குறைகூறுவதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். தில்லி மெட்ரோவின் வேலை 1998 அக்டோபரில் தொடங்கியது. முதல் கட்டம் 65 கிலோமீட்டர். பத்தாண்டில் முடிக்கத் திட்டமிட்டதை ஏழாண்டு மூன்று மாதத்தில் முடித்தார்கள். அதே நாடு, அதே சட்டம், அதே தொழிலாளர். என்ன வேறுபாடு?

தில்லி மெட்ரோவின் அப்போதைய தலைவர் இ. ஸ்ரீதரனை மந்திரவாதியாக்கிப் பேசுவது எளிது. அவர் பெயர் முதலில் பேசப்பட்டது ராமேசுவரத்துக்குப் பக்கத்தில். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது, பாம்பன் பாலத்தின் இரும்பு உத்திரங்களைக் கடலில் தள்ளியது. ஆறு மாதத்தில் சீர்செய்ய வேண்டும் என்று ரயில்வே கணக்குப் போட்டது. மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். இளம் பொறியாளரான ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். கடலில் விழுந்த உத்திரங்களையே மீட்டெடுத்துப் பயன்படுத்தினார்கள். இதில் திறமை உண்டு, ஐயமில்லை. ஆனால் திறமைக்கு நாட்டில் பஞ்சமில்லை. அவருக்குக் கிடைத்ததும் மற்றவர்களுக்குக் கிடைக்காததும் ஒன்று: முடிவெடுக்கும் உரிமையும் முடிவுக்கான பொறுப்பும் ஒரே ஆளிடம் இருந்தன. தில்லியில் மத்திய அரசும் தில்லி அரசும் சரிபாதிப் பங்குதாரர்கள். ஒவ்வொரு டெண்டரும் இரண்டு அரசுகளின் அமைச்சகங்களைச் சுற்றி வந்திருந்தால் அந்த ரயில் இன்னும் காகிதத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அப்படி நடக்கவிடவில்லை. முடிவுகள் நிறுவனத்துக்குள்ளேயே எடுக்கப்பட்டன. வேலையிடங்களில் இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று காட்டும் பின்னோக்கி ஓடும் கடிகாரங்கள் வைக்கப்பட்டன. அதைத் தொழிலாளியும் பார்த்தார், பேருந்தில் போனவரும் பார்த்தார்.

வேகத்துக்கும் விலை உண்டு என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. 2009 ஜூலையில் தில்லி ஜம்ருத்பூரில் கட்டிக்கொண்டிருந்த மெட்ரோப் பாலம் இடிந்து ஆறு பேர் இறந்தார்கள். ஸ்ரீதரன் பொறுப்பேற்றுப் பதவி விலகல் கடிதம் கொடுத்தார், அது ஏற்கப்படவில்லை. யார் பொறுப்பு என்று நாடு தேட வேண்டியிருக்கவில்லை என்பது மட்டும் அங்கே வேறுபட்டிருந்தது.

பில் பணம் இன்னொரு சங்கதி. வேலை முடிந்தும் பணம் வராத ஒப்பந்ததாரர் வட்டிக்கு வாங்குகிறார். வட்டி கூடக்கூட மேசைக்கு மேசை நடக்கிறார். நடக்கும்போது வெறுங்கையோடு நடப்பதில்லை. 2021 அக்டோபரில் மத்திய நிதி அமைச்சகம் ஒரு விதி போட்டது: பில் வந்து பத்து வேலை நாட்களுக்குள் ஏற்கத்தக்க தொகையில் 75 சதவீதத்தையாவது கொடுத்துவிட வேண்டும், மிச்சத்தைச் சரிபார்த்தபின் கொடுக்கலாம். மிகக் குறைந்த விலை சொன்னவருக்கே வேலை என்ற பழைய கட்டாயத்தையும் அது தளர்த்தி, தரத்துக்கும் மதிப்பெண் கொடுக்க வழிவிட்டது. பின்னதில் ஆபத்து உண்டு. விலை என்பது எண், யாரும் ஒப்பிடலாம். தரத்துக்கான மதிப்பெண் ஒருவரின் கையில் இருக்கிறது. முன்னதில் ஆபத்து மிகக் குறைவு. எல்லா மாநிலமும் ஊராட்சியும் நாளைக்கே பின்பற்றத்தக்கது அது.

நேர்மையான அதிகாரியின் பயத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1988-ன் ஊழல் தடுப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. பொதுநலன் இல்லாமல் ஒருவருக்குப் பண ஆதாயம் கிடைக்கும்படி முடிவெடுத்தால், கைநீட்டிக் காசு வாங்காவிட்டாலும் அது குற்றமாகலாம். கையெழுத்திட்டவருக்கு ஓய்வுபெற்ற பிறகும் நிம்மதியில்லை. கையெழுத்திடாமல் கோப்பைத் திருப்பி அனுப்பியவருக்கு ஓய்வூதியம் ஒழுங்காக வந்தது. எனவே எது புத்திசாலித்தனம் என்று எல்லோருக்கும் புரிந்தது. 2018-ல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. அதே திருத்தம், அதிகாரி எடுத்த முடிவை விசாரிக்கவே முன் அனுமதி வேண்டும் என்றும் சொன்னது. பயத்தைப் போக்க வந்தது கேடயமாகவும் ஆகிவிட்டது என்ற விமரிசனத்தில் நியாயம் இருக்கிறது.

கேடயம் வேண்டியவர்களுக்கு அது கிடைத்ததா? தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் ஜார்க்கண்டில் வேலை பார்த்தவர் சத்யேந்திர துபே, கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர். வேலையில் கண்ட முறைகேடுகளை 2002-ல் பிரதமருக்கு எழுதினார். தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடிதம் பெயரோடே மேசை மேசையாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக்காக நடந்த கொலை என்று புலனாய்வு சொன்னது, தண்டனையும் கிடைத்தது. ஆனால் ரகசியம் என்று எழுதிய கடிதத்தை ரகசியமாக வைத்திருக்க இத்தனை அலுவலகங்களில் ஒன்றுக்கும் தோன்றவில்லை. தகவல் தருவோரைக் காக்கும் சட்டம் 2014-ல் நிறைவேறியது. பல ஆண்டுகள் கழிந்தும் அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை.

சரி, எது பலிக்கிறது? ஜாவாவில் ஒரு சோதனை நடந்தது. பெஞ்சமின் ஓல்கன் என்ற பொருளாதார அறிஞர் 608 கிராமங்களில் போடப்பட்ட சாலைகளை எடுத்துக்கொண்டார். பொறியாளர்களை அனுப்பிச் சாலையைத் தோண்டி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார். கணக்கில் எழுதியதற்கும் மண்ணுக்குள் இருந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டார். சில கிராமங்களுக்கு மட்டும், வேலை தொடங்கும் முன்பே, அரசுத் தணிக்கை நிச்சயம் வரும் என்று சொல்லிவிட்டார்கள். மற்ற இடங்களில் தணிக்கை வரும் வாய்ப்பு நூற்றுக்கு நான்கு. நிச்சயம் வரும் என்று சொன்ன ஊர்களில் காணாமல் போன செலவு 8 சதவீதப் புள்ளி குறைந்தது. இன்னொரு பகுதியில் ஊர்க்கூட்டங்களுக்கு மக்களை அதிகமாக அழைத்துப் பார்த்தார்கள். கூலியில் நடந்த திருட்டு குறைந்தது, ஜல்லியிலும் மணலிலும் நடந்தது அதிகம் குறையவில்லை. கூலி தன் பணம், ஒவ்வொருவருக்கும் தெரியும். ஜல்லியின் கனத்தை யார் அளப்பார்?

அளக்கத் தெரிந்தவர்களும் கேட்கத் துணிந்தவர்களும் சேர்ந்தால்? ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் 1994 டிசம்பரில் கோட்கிராணா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. அந்த அமைப்பை நிறுவியவர்களில் ஒருவர் அருணா ராய், சென்னையில் பிறந்தவர், ஐ.ஏ.எஸ். பதவியை விட்டு வந்தவர். ஊராட்சியின் வருகைப் பட்டியலையும் செலவுக் கணக்கையும் நடுத்தெருவில் உரக்கப் படித்தார்கள். இல்லாத ஆளுக்குக் கூலி, நடக்காத வேலைக்குப் பில். படிக்கப் படிக்க, கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பொய் என்றார்கள். எங்கள் பணம், எங்கள் கணக்கு என்று கேட்ட அந்தக் குரல்தான் வளர்ந்து 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டமாயிற்று. தமிழ்நாடு 1997-லேயே மாநிலங்களில் முதலாவதாக இப்படி ஒரு சட்டத்தை இயற்றியது. அதில் விலக்குகளே ஏராளமாக இருந்ததால் முதலாவது என்ற பெருமைதான் மிஞ்சியது.

2005-ன் சட்டத்தை ஆவணங்களின் நகல் கேட்கும் சட்டம் என்றே பலர் நினைக்கிறார்கள். அதன் 2(ஜே) பிரிவை இந்த அவை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். நடந்துகொண்டிருக்கும் வேலையை நேரில் பார்வையிடும் உரிமை அதில் இருக்கிறது. பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கும் உரிமையும் இருக்கிறது. உங்கள் தெருவில் அடுத்த முறை தார் போடும்போது மதிப்பீட்டையும் எம்-புக் பக்கத்தையும் கேளுங்கள், போட்ட சாலையிலிருந்து ஒரு துண்டையும் கேளுங்கள். விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய்.